நஞ்சைத் தின்ற கரி எங்கே போகும்?

தேங்காய்த் தொட்டிக் கரியில் தண்ணீரை ஊற்றி வடித்தால் ஈயம், குரோமியம், காட்மியம் எல்லாம் போய்விடும் என்று சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள். உமி, கடலைத் தோல், கரும்புச் சக்கை, சீமைக் கருவேலம் என்று எதையெல்லாம் சுட முடியுமோ அதையெல்லாம் சுட்டு, உலோகம் கலந்த தண்ணீரில் போட்டுப் பார்த்த ஆய்வுக் கட்டுரைகள் நம் கல்லூரிகளிலிருந்தே மூட்டை மூட்டையாக வந்திருக்கின்றன. குடத்தில் போட்டு வைக்கும் கரித் துண்டு கடைக்கு வந்துவிட்டது. ‘இயற்கை முறை’ என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டால் அதற்குமேல் கேள்வி கேட்பாரும் இல்லை.

கரிக்கு அந்தக் குணம் உண்டு. அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. ஆனால் பாலாற்றங்கரையின் கிணறுகளை மனதில் வைத்துக்கொண்டு இந்தப் பேச்சைக் கேட்டால் வயிற்றைக் கலக்குகிறது. உலோகம் எரிந்து ஒழிகிற பொருள் இல்லை. அழுகி மண்ணாகிற பொருளும் இல்லை. தண்ணீரிலிருந்து போனது கரிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கரியை யார் எடுத்துப்போவது, எங்கே வைப்பது, எத்தனை காலம் காவல் காப்பது என்ற கேள்விகளைத் தொடாமலே நாம் கரியைக் கொண்டாடத் தொடங்கியிருக்கிறோம். அதைவிட மோசம், ‘அதுதான் கரி இருக்கிறதே’ என்ற சாக்கில், நஞ்சு வெளியேறும் வாயை அடைக்கும் வேலை இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும். ஏற்கெனவே முப்பது ஆண்டுகள் தள்ளிப்போன வேலை அது.

பாலாற்றங்கரையில் இருக்கும் ராணிப்பேட்டையை எடுத்துக்கொள்வோம். அங்கே சிப்காட் தொழிற்பேட்டை வளாகத்தில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1970களின் நடுவில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்டது. தோல் பதனிடும் குரோமிய உப்புக்கு மூலப்பொருளான சோடியம் பைகுரோமேட்டைத் தயாரித்த ஆலை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓடியது. போகும்போது ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான கழிவைத் திறந்தவெளியில் மேடாக விட்டுவிட்டுப் போனது. மழை பெய்தால் அந்த மேட்டின் அடியிலிருந்து மஞ்சள் தண்ணீர் கசியும். 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது, செர்னோபில் இருந்த அதே பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. பட்டியல் வந்தபோது நாளிதழ்கள் எழுதின, அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், நீதிமன்றங்கள் கேட்டன. அதன் பிறகும் ஆண்டுகள் கணக்கில் மேடு அங்கேயே கிடந்தது.

மஞ்சள் நிறம் ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் கரியின் கதையும் அதில்தான் சிக்கியிருக்கிறது. குரோமியம் தண்ணீரில் முக்கியமாக இரண்டு வடிவங்களில் இருக்கும். தோல் பதனிட ஊற்றுவது மும்மதிப்பு குரோமியம். பச்சையும் நீலமுமாக இருக்கும், சுண்ணாம்பு சேர்த்தால் கசடாகப் படிந்துவிடும், மண்ணில் அதிகம் நகராது. குரோமேட் ஆலைக் கழிவில் இருப்பது அறுமதிப்பு குரோமியம். இது மஞ்சள். தண்ணீரில் தாராளமாகக் கரையும், நிலத்தடி நீரோடு சேர்ந்து நடக்கும், புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்த வகை. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நிறம் கண்ணுக்குத் தெரியும்போதே அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டியிருக்கும். வரம்புக்குச் சற்று மேலே இருக்கும் தண்ணீரோ கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். ருசியும் மாறாது, வாடையும் இருக்காது. குடிப்பவருக்கு ஒரு துப்பும் கிடைக்காது.

இது ஒரே ஒரு ஆலையின் பாவம் என்று ஒதுக்கவும் வழியில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறது. ஆற்றில் மழைத் தண்ணீர் வரும் நாளில் வெள்ளை வெள்ளையாக நுரை மிதப்பதை இந்தப் பகுதி மக்கள் ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறார்கள். மற்ற நாளெல்லாம் ஆறு வெறும் மணல், மணலும் போன இடத்தில் வெறும் பள்ளம். ஆனால் அந்த மணலுக்கு அடியில் ஓடும் நீரைத்தான் ஆற்றோர நகரங்களும் கிராமங்களும், கீழே சென்னைப் புறநகர் வரைக்கும், உறிஞ்சிக் குடிக்கின்றன. 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் வந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் மூலைக்கல்லாகிவிட்டது: கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும், கெடுதல் வரும் என்று அறிவியல் முழுதாக நிரூபிக்கும் வரை காத்திருக்கக் கூடாது என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டின் சட்டத்தில் உறுதியாக இடம்பிடித்தது அந்த வழக்கில்தான். சட்டக் கல்லூரியில் படிக்கும் ஒவ்வொருவரும் வேலூர் வழக்கை மனப்பாடமாகச் சொல்வார்கள். வேலூர்க்காரர்களின் கிணறு மட்டும் அப்படியே இருந்தது. 2025 ஜனவரி 30இல் அதே உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, பாலாற்று மாசுக்கு மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடு, கெடுத்தவர்களிடம் வசூல் செய், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துக் கண்காணி என்றது. இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையே ஒரு தலைமுறை ஓடிவிட்டது.

இந்தப் பின்னணியில்தான் கரி வந்து நிற்கிறது. அது செய்யக்கூடியதையும் செய்ய முடியாததையும் நேர்மையாகப் பார்ப்போம்.

காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தி மரத்தையோ தொட்டியையோ உமியையோ சுட்டால், ஆவியாகக்கூடியதெல்லாம் போய், நுண்ணிய துளைகள் நிறைந்த கரி மிஞ்சும். இதைத்தான் இப்போது பயோசார் என்கிறார்கள். அதையே 800 முதல் 1,000 டிகிரி வெப்பத்தில் நீராவியைச் செலுத்தி இன்னும் துளைத்தால் ஆக்டிவேட்டட் கார்பன். நல்ல தொட்டிக் கரியில் செய்த ஆக்டிவேட்டட் கார்பனை ஒரு கிராம் எடுத்து அதன் துளைகளின் உட்சுவர்களை எல்லாம் பிரித்து விரித்தால் 25 சென்ட் நிலத்தை மூடும். ஆனால் பரப்பு மட்டும் உலோகத்தைப் பிடிக்காது. கரியின் மேலுள்ள ஆக்சிஜன் அடங்கிய வேதிக் குழுக்களும், சாம்பலில் இருக்கும் பாஸ்பேட்டும் கார்பனேட்டும்தான் ஈயத்தையும் காட்மியத்தையும் பிடித்து உட்காரவைக்கின்றன. அதனால்தான் ஒரு வேடிக்கை: குளோரின் வாடையையும் நிறத்தையும் பூச்சிமருந்தையும் பிரமாதமாக நீக்கும் விலையுயர்ந்த ஆக்டிவேட்டட் கார்பன், ஈயத்தைப் பிடிப்பதில் சாதாரணச் சாணக் கரியிடம் தோற்றுப்போகலாம். எந்தப் பொருள், எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம் சுட்டது என்பதைப் பொறுத்துக் கரிக்குக் கரி குணம் மாறும். கரிமூட்டத்தில் மேலே இருந்த கட்டையும் அடியில் இருந்த கட்டையும்கூட ஒரே கரி ஆவதில்லை, மூட்டம் போடுபவரைக் கேட்டால் தெரியும்.

சரி, அறுமதிப்பு குரோமியம்? ஆய்வுக் கட்டுரைகளில் 95 சதவீதம், 99 சதவீதம் நீக்கம் என்று படிக்கிறோமே? அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று ஒருமுறை அருகில் நின்று பார்க்க வேண்டும். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரே ஒரு குரோமிய உப்பைக் கரைப்பார்கள். குடுவையில் நூறு மில்லி ஊற்றி, அதில் கரித்தூளைப் போட்டு, குலுக்கும் எந்திரத்தில் மணிக்கணக்காகக் குலுக்குவார்கள். அதற்கு முன்பு அமிலம் விட்டுத் தண்ணீரின் பி.எச். அளவை 2க்கோ 3க்கோ இறக்குவார்கள். எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு அது. அந்தப் புளிப்பில் கரியின் மேற்பரப்பு நேர்மின் ஏற்றம் பெற்று, எதிர்மின் ஏற்றமுள்ள குரோமேட்டை இழுக்கிறது. இழுத்ததில் ஒரு பங்கை அபாயம் குறைந்த மும்மதிப்பு வடிவமாகவும் மாற்றிவிடுகிறது. அழகான வேதியியல். ஆனால் நம் கிணற்றுத் தண்ணீரின் பி.எச். 7, 8. அந்த இடத்தில் பெரும்பாலான கரிகள் எதிர்மின் ஏற்றத்தோடு நின்று குரோமேட்டைத் தள்ளிவிடும். 99 என்று அச்சான எண், கிணற்றடியில் என்ன ஆகும் என்பதை அந்தக் கட்டுரை சொல்லாது. அதன் வேலையும் அதுவல்ல. அந்த எண்ணை மட்டும் கத்தரித்து எடுத்து விளம்பரத்தில் ஒட்டுபவர்தான் குற்றவாளி.

கிணற்றுத் தண்ணீரில் குரோமியம் தனியாகவும் இருப்பதில்லை. கால்சியம், மெக்னீசியம், சோடியம், சல்பேட் எல்லாம் அதைவிட நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு கூடுதலாக இருக்கும். தோல் கழிவு கலந்த நிலத்தடி நீரின் உப்புச் சுமையைச் சொல்லவே வேண்டாம். கரியில் இருக்கும் இடத்துக்கு எல்லாம் போட்டி போடும். இடம் நிரம்பியபின் கரி சும்மா இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். இன்னும் வலுவாக ஒட்டக்கூடிய வேறொன்று வந்தால், முன்பு பிடித்துவைத்ததை அது கழற்றிவிடும். அப்போது உள்ளே போன தண்ணீரைவிட வெளியே வரும் தண்ணீரில் உலோகம் கூடுதலாக இருக்கும் நேரமும் உண்டு. கரி நிரம்பிவிட்டது என்று காட்ட நிறம் மாறாது, மணி அடிக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குரோமியம் உள்ள கிணறு, குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு இருபது லிட்டர் எடுக்கும் குடும்பம். நாளொன்றுக்கு இருபது மில்லிகிராம் குரோமியத்தைப் பிடிக்க வேண்டும். உண்மையான தண்ணீரில் ஒரு கிராம் கரி அரை மில்லிகிராம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 40 கிராம், ஆண்டுக்குப் பதினாலரை கிலோ கரி. ஆயிரம் வீடுகள் உள்ள ஊரில் ஆண்டுக்குப் பதினாலரை டன். கரி நல்ல கரியாக இருந்து பத்து மடங்கு கூடுதலாகப் பிடித்தாலும் ஒன்றரை டன். இது வெறும் கணக்குதான். கிணற்றுக்குக் கிணறு மாறும். ஆனால் கேள்வி மாறாது. குரோமியம் ஏறிய இத்தனை கரி ஆண்டுதோறும் எந்த வீட்டுக் கொல்லையில் விழும்?

நமக்குத் தெரிந்த பதில்கள் மூன்றுதான். அடுப்பில் போடுவார்கள், குப்பையில் போடுவார்கள், செடிக்குப் போடுவார்கள். அடுப்பில் போட்டால் ஈயமும் காட்மியமும் பாதரசமும் புகையோடு கிளம்பும். குரோமியம் சாம்பலில் தங்கும். சுண்ணாம்புச் சத்தும் காற்றும் சூடும் சேர்ந்த இடத்தில், கரி சிரமப்பட்டு மும்மதிப்பாக மாற்றி வைத்திருந்த குரோமியம் மறுபடியும் அறுமதிப்பு நஞ்சாகத் திரும்பிவிடக் கூடும். பாத்திரம் துலக்கவும் அந்தச் சாம்பலை எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குப்பையில் போட்டால் ஊராட்சிக் குப்பைமேட்டுக்குப் போய், தீ வைக்கும் அன்று அதே கதை.

செடிக்குப் போடுவது இந்த மூன்றிலும் நம்மை அதிகம் பயமுறுத்துகிறது. பயோசார் என்ற அதே பெயரில் மண்ணை வளப்படுத்தும் கரியும் விற்பனைக்கு வந்துகொண்டிருக்கிறது. உரத்தைப் பிடித்துவைக்கும், ஈரம் காக்கும், கார்பனைப் பூமியில் பூட்டிவைக்கும் என்பதெல்லாம் உண்மை. மானியம், கார்பன் வரவு என்று பணமும் பின்னாலேயே வரும். தண்ணீரிலிருந்து காட்மியம் தின்ற கரிக்கும், வயலுக்குப் போகும் சுத்தக் கரிக்கும் கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. இரண்டும் கருப்பு, இரண்டும் தூள். பயன்படுத்தித் தீர்ந்த கரியை மூட்டைக்கு நூறு ரூபாய் கொடுத்து வாங்கிக் கலந்து விற்க ஓர் ஆள் போதும். காட்மியம் நெற்பயிருக்குள் எளிதாக ஏறும் உலோகம். கிணற்றிலிருந்து விரட்டியதைச் சோற்றுப் பானைக்குள் கொண்டுவந்து விடும் வழி இது. இன்னும் திறக்காத வழி என்பதால் இப்போதே அடைப்பது சுலபம்.

பிடித்த உலோகத்தை வைக்க இடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம், ராணிப்பேட்டையே சாட்சி. தோல் ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. தண்ணீரிலிருந்து குரோமியத்தைப் படியவைத்துப் பிரித்தார்கள். பிரித்த கசடு நாளுக்கு நாள் சேர்ந்தது. 2015 ஜனவரி 31 அதிகாலை, சிப்காட்டில் அப்படிக் கசடு தேக்கிவைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் கசடு பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்த தொழிலாளர்கள். சுத்திகரிப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. சுத்திகரித்து எடுத்ததுதான் அவர்களைக் கொன்றது.

கரி கூடாது என்று வாதாட இத்தனையும் சொல்லவில்லை. கரி ஒழுங்காக வேலை செய்த உதாரணமும் கையில் இருக்கிறது. வங்கதேசத்தில் லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகளில் ஆர்செனிக் இருப்பது தெரியவந்தபோது, கிராமத்து வீடுகளில் மூன்று மண்குடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வடிகட்டும் முறை பரவியது. நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் மணல், கூழாங்கல், கரி என்று படம் வரைந்தோமே, அதற்கு உறவுமுறை. அதிலிருந்து வேதியியலாளர் அபுல் ஹுசாம் உருவாக்கிய சோனோ வடிகட்டி 2007இல் அமெரிக்கப் பொறியியல் அகாதெமியின் பத்து லட்சம் டாலர் கிரேஞ்சர் பரிசை வென்றது. அதிலும் மரக்கரி இருக்கிறது. ஆனால் ஆர்செனிக்கைப் பிடிப்பது கரி இல்லை, பதப்படுத்திய இரும்பு. கரிக்கு உதவியாளர் வேலைதான். எந்த நஞ்சுக்கு எந்தப் பொருள் என்று முதலில் தெரிந்துகொண்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் உண்மையான கிணறுகளில் வைத்து அளந்து, தீர்ந்துபோன பொருளிலிருந்து நஞ்சு கசிகிறதா என்பதையும் பார்த்துவிட்டுத்தான் அது வீடுகளுக்குப் போனது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் குழு ஆர்செனிக்குக்காக உருவாக்கிய ‘அம்ரித்’ முறையும் இரும்புச் சேர்மத்தை நம்புகிறதே தவிர வெறும் கரியை இல்லை.

கரி விஷயத்தில் நமக்கு இன்னொரு வெட்கமும் இருக்கிறது. காங்கேயம், வெள்ளகோவில், பல்லடம் வட்டாரத்தில் தேங்காய்த் தொட்டியைச் சுடும் ஆலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உலர்களத்தில் கொப்பரை காயும்போதே பக்கத்தில் தொட்டி மலையாகக் குவியும். குழியில் போட்டுச் சுடுவார்கள். வெந்தபின் தண்ணீர் ஊற்றி அணைப்பார்கள். அந்தத் தண்ணீர் கருத்துப்போய் மண்ணுக்குள் இறங்கும். கிணறு கெட்டுவிட்டது, புகையில் மூச்சு முட்டுகிறது என்று விவசாயிகள் மனு கொடுப்பதும் மறியல் செய்வதும் அந்தப் பக்கம் வாடிக்கையான செய்தி. அந்தக் கரி ஆக்டிவேட்டட் கார்பனாக மாறிக் கப்பலேறுகிறது. வெளிநாட்டுக் குடிநீர் வடிகட்டிகளுக்கும் தங்கச் சுரங்கங்களுக்கும் போகிறது. யாரோ ஒருவர் சுத்தமான தண்ணீர் குடிப்பதற்காக நம் ஊர்க் கிணறு கெடுகிறது. நாளை குரோமியத்துக்காகவும் கரிக்குக் கிராக்கி ஏறினால், குழியில் சுடும் இந்த முறை இன்னும் நாலு வட்டாரங்களுக்குப் பரவும். பாலாற்றைக் காப்பாற்ற நொய்யல் பக்கத்துக் கிணற்றைக் கொடுக்கும் பேரம் அது.

முதலில் பிடிக்க வேண்டிய இடம் கிணறு இல்லை என்பதுதான் நம் வாதத்தின் அடி. தோல் பதனிடும் உருளைக்குள் ஊற்றும் குரோமியத்தில், வழக்கமான முறையில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் தோலில் ஏறும்; மிச்சம் கழிவில் போகும். அந்த உருளையிலிருந்து நேராக வெளியேறும் தண்ணீரில் லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் குரோமியம் இருக்கும். மூவாயிரம் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு லிட்டர் அறுபதாயிரம் லிட்டர் குடிநீரை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுபோகப் போதும். உருளையின் வாயில் நின்று பிடித்தால் ஒரு வாளியில் முடிகிற வேலை. ஆற்றில் கலந்து, மண்ணில் இறங்கி, ஊர் ஊராகப் பரவிய பிறகு பிடிப்பதென்றால் வீட்டுக்கு வீடு கரி வேண்டும். இதைத்தான் நம் ஊரில் தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்கள். தும்பைப் பிடிக்க வழி தெரியாமலும் இல்லை. சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், கழிவிலுள்ள குரோமியத்தை மெக்னீசியம் ஆக்சைடால் படியவைத்து, அமிலத்தில் கரைத்து, மறுபடி தோல் பதனிடவே பயன்படுத்தும் முறையை எப்போதோ கொடுத்துவிட்டது. தண்ணீரே சேர்க்காமல் குரோமியம் ஏற்றும் முறையையும் கொடுத்திருக்கிறது. அதை எத்தனை ஆலைகள் ஒவ்வொரு நாளும், அதிகாரி வராத நாளிலும் செய்கின்றன என்பதே கேள்வி.

ஏற்கெனவே கெட்டுப்போன நிலத்தடி நீருக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த மக்கள் இன்றைக்கே தண்ணீர் குடித்தாக வேண்டும். அதற்கு விடை, மாசு இல்லாத இடத்திலிருந்து குழாயில் தண்ணீர். அது அரசின் கடமை, குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது. கரிக்கு இடம் கொடுப்பதென்றால், ஊருக்கு ஒரு பொது நிலையத்தில், பயிற்சி பெற்ற ஆளின் கையில், உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் மாதந்தோறும் ஆய்வகத்தில் அளந்து, தீர்ந்த கரியை எடை போட்டுப் பதிவேட்டில் எழுதித் திருப்பி எடுத்துப்போகும் ஏற்பாட்டோடு கொடுக்கலாம். தொழிற்சாலையில் பயன்படுத்தித் தீர்ந்த கரி 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளுக்குள் வருகிறது; கும்மிடிப்பூண்டியில் அப்படிப்பட்ட கழிவைப் புதைக்கக் காப்பிட்ட நிலமும் இருக்கிறது. ஒரு தொழிற்கூடத்தில் தீர்ந்தால் அபாயக் கழிவு, ஒரு குடும்பத்தின் குடத்தில் தீர்ந்தால் வெறும் குப்பை என்ற ஓட்டையை அரசு உடனே அடைக்க வேண்டும்.

கடைச் சரக்குக்கும் கடிவாளம் தேவை. ‘கன உலோகங்களை நீக்கும்’ என்று மொத்தமாக எழுதி விற்க அனுமதிக்கக் கூடாது. எந்த உலோகம், எந்த அளவிலிருந்து எந்த அளவுக்கு, எத்தனை லிட்டர் வரை, அதன் பிறகு தீர்ந்த கரியை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று உறையில் தமிழில் அச்சிடாத வடிகட்டி கடையில் இருக்கக் கூடாது. அதைச் சாதாரணத் தண்ணீரில் சோதித்த சான்று வேண்டும், எலுமிச்சைப் புளிப்பில் சோதித்தது செல்லாது. தண்ணீர் வடிகட்டித் தீர்ந்த கரி வயலுக்குப் போனால் குற்றம் என்று ஒரு வரிச் சட்டம் போதும். கரி சுடும் ஆலைகளில் குழிச் சூளைக்கு இனி உரிமம் புதுப்பிக்கக் கூடாது. கல்லூரி ஆய்வகங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த கட்டுரையை வாலாஜா பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் செய்யுங்கள். எண் 99இலிருந்து 30க்கு இறங்கினால் அதை அப்படியே அச்சிடுங்கள். எங்களுக்கு அந்த முப்பதுதான் உபயோகம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு, எந்தக் கிணற்றில் என்ன இருக்கிறது என்பது ஊருக்குத் தெரிய வேண்டும். கிராமங்களுக்குக் கொடுத்திருக்கும் கைச்சோதனைப் பெட்டி உப்பு, கடினத்தன்மை, புளோரைடு, நைட்ரேட், இரும்பு பார்க்கும். குரோமியத்தையும் ஈயத்தையும் பார்க்க அது செய்யப்படவில்லை. அதற்கு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிய முடிவு கோப்பில் தூங்கக் கூடாது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளில் தமிழ்நாட்டில் கிராமசபை கூடுகிறது. ராணிப்பேட்டை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களின் ஒவ்வொரு ஊராட்சியும் வரும் கூட்டத்துக்குள் தன் குடிநீர்க் கிணறுகளின் குரோமியம், ஈயம், காட்மியம் அளவை ஆய்வக முத்திரையோடு கேட்டு வாங்கி, தீர்மானப் புத்தகத்தில் கிணற்றின் பெயருக்கு நேராக எழுதட்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் குடிநீர் வடிகால் வாரியமும் அதைக் கொடுக்க மறுத்தால், மறுத்தார்கள் என்றும் அதே பக்கத்தில் எழுதட்டும். 2025 தீர்ப்பின்படி கண்காணிக்கும் குழுவின் முன் வைக்க அதைவிட நல்ல ஆவணம் வேறில்லை.